டெஸ்ட் கிளாஸைப் பார்த்தாலே கத்தும் டாட்நெட் அனலைசர்

டாட்நெட் எஸ்டிகேயோடு இலவசமாக வரும் கோட் அனலைசர், அதாவது கோடை ஓட்டாமலே படித்துப் பார்த்துக் குறை சொல்லும் கருவி, நல்ல சரக்குதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புராடக்ட் கோடுக்கு இதை ஆஃப் பண்ணி வைத்திருக்கிறவர்களைப் பார்த்தால் ஏன் என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் இந்த ரிவ்யூ அதைப் பற்றியது இல்லை. அதே அனலைசரை யூனிட் டெஸ்ட் புராஜெக்டில் ஓடவிட்டால் என்ன ஆகிறது, எந்த ரூல் சரியாகச் சொல்கிறது, எது சும்மா உயிரை வாங்குகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பது மட்டும்தான் இங்கே. டாட்நெட்டில் டெஸ்ட் எழுத எக்ஸ்யூனிட், என்யூனிட், எம்எஸ்டெஸ்ட் என்று மூன்று ஃப்ரேம்வொர்க் உண்டு; நான் பெரும்பாலும் எக்ஸ்யூனிட் ஆள், அதனால் உதாரணங்களும் அந்தப் பக்கமே சாயும். என்யூனிட், எம்எஸ்டெஸ்ட்காரர்களுக்கும் நடுவில் கொஞ்சம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி வரலாறு. முன்பு எஃப்எக்ஸ்காப் என்று ஒன்று இருந்தது, கம்பைல் ஆன டிஎல்எல்லைத் திறந்து பார்த்துக் குறை சொல்லும். சிஏ என்று தொடங்கும் ரூல் நம்பர்கள் எல்லாம் அந்தக் காலத்துச் சொத்து. 2020 நவம்பரில் டாட்நெட் 5 வந்தபோது இந்த ரூல்களின் புது வடிவம் எஸ்டிகேக்குள்ளேயே வந்துவிட்டது, தனி நுகெட் பேக்கேஜ் போட வேண்டியதில்லை. சும்மா விட்டால் சில ரூல்கள் மட்டும்தான் வார்னிங் தரும். அனாலிசிஸ்மோட் என்ற செட்டிங்கை ரெக்கமண்டட் என்றோ ஆல் என்றோ மாற்றினால்தான் முழுக் கச்சேரி. டீமில் யாராவது ஒரு நல்ல நாள் பார்த்து டைரக்டரி பில்ட் ப்ராப்ஸ் ஃபைலில் ஆல் என்று போட்டு, கூடவே வார்னிங் எல்லாம் எரர் ஆகட்டும் என்றும் போட்டுவிடுவார், அங்கேதான் டெஸ்ட் புராஜெக்ட்டின் கஷ்டகாலம் தொடங்கும். அந்த ப்ராப்ஸ் ஃபைல் மெயின் கோட், டெஸ்ட் கோட் என்று பாகுபாடு பார்க்காது, கீழே இருக்கிற எல்லா புராஜெக்டுக்கும் போய்ச் சேரும்.

முதல் அடி சிஏ1707. பெயரில் அண்டர்ஸ்கோர் வரக்கூடாது என்கிற ரூல். லைப்ரரி எழுதுகிறவருக்கு இது நியாயமான ரூல்தான், டாட்நெட்டில் பப்ளிக் மெத்தட் பெயரில் அண்டர்ஸ்கோர் போடும் வழக்கமே இல்லை. ஆனால் டெஸ்ட் மெத்தடுக்குப் பெயர் வைக்கிற விதமே வேறு. எந்த மெத்தட், என்ன சூழ்நிலை, என்ன எதிர்பார்க்கிறோம் என்று மூன்று துண்டாகப் பிரித்து நடுவில் அண்டர்ஸ்கோர் போட்டு எழுதுவதுதான் பாதி உலகத்தின் பழக்கம். அந்த மெத்தடை வேறு எந்தக் கோடும் கூப்பிடப்போவதில்லை, அதன் பெயர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் மனுஷன் படிப்பதற்கு மட்டும்தான். ஆக டெஸ்ட் எத்தனையோ வார்னிங்கும் அத்தனை. வேடிக்கை என்னவென்றால், இந்த ரூலுக்கான மைக்ரோசாஃப்ட்டின் டாக்குமெண்ட் பக்கத்திலேயே டெஸ்ட் கோடில் இதை அடக்கிவைப்பதில் தப்பில்லை என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு தெரிந்தவர்கள் ரூலுக்குள்ளேயே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் அல்லவா? அதுதான் இல்லை.

இரண்டாவது சிஏ1515, எனக்கு ரொம்பப் பிடித்த கூத்து. இது பிற்பாடு வந்த ரூல். அப்ளிகேஷன் புராஜெக்டில் பப்ளிக் கிளாஸ் எதற்கு, வெளியிலிருந்து யாரும் இதை ரெஃபரன்ஸ் எடுக்கப்போவதில்லையே, இன்டர்னல் ஆக்கிவிடு என்று சொல்லும். லைப்ரரிக்கு வராது, எக்ஸ்இ ஆக பில்ட் ஆகும் புராஜெக்டுக்குத்தான் வரும். சரி, டெஸ்ட் புராஜெக்ட் என்ன, டிஎல்எல்தானே என்று நினைப்போம். இல்லை. டெஸ்ட் எஸ்டிகே பேக்கேஜைப் போட்டதுமே அது அவுட்புட் டைப்பை எக்ஸ்இ என்று மாற்றி, நமக்குத் தெரியாமல் ஒரு மெயின் மெத்தடையும் உருவாக்கி உள்ளே வைத்துவிடும். எக்ஸ்யூனிட்டின் மூன்றாம் வெர்ஷனில் டெஸ்ட் புராஜெக்ட் வெளிப்படையாகவே தானே ஓடும் ஒரு எக்ஸ்இ. ஆகவே அனலைசர் கண்ணுக்கு நம் டெஸ்ட் புராஜெக்ட் ஒரு அப்ளிகேஷன், அதில் இருக்கிற ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸும் தேவையில்லாமல் பப்ளிக்.

நல்ல பிள்ளையாக அதைக் கேட்டு இன்டர்னல் என்று மாற்றினால் எக்ஸ்யூனிட்1000 எரர் வரும். டெஸ்ட் கிளாஸ் பப்ளிக்காகத்தான் இருக்க வேண்டும் என்று அது சொல்லும், அதுவும் வார்னிங் இல்லை, எரர். அந்த எரரையும் யாராவது மூடி வைத்துவிட்டால் இன்னும் மோசம், எக்ஸ்யூனிட் அந்தக் கிளாஸைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, டெஸ்ட் ஓடாது, பில்ட் மட்டும் ஜோராகப் பச்சை காட்டும். என்யூனிட்டில் இன்டர்னல் கிளாஸ் ஓடும், அங்கே போனால் தப்பிக்கலாம் என்று பார்த்தால் சிஏ1812 வந்து நிற்கும். இன்டர்னல் கிளாஸ், ஆனால் யாருமே இதை நியூ பண்ணவில்லையே, செத்த கோடோ என்று கேட்கும். ரிஃப்ளெக்‌ஷன் வழியாக, அதாவது கோட் ஓடும்போது கிளாஸைத் தேடி எடுத்து, டெஸ்ட் ரன்னர் உருவாக்குகிறது என்பது கோடைப் படித்து மட்டும் பார்க்கிற அதற்குத் தெரிய வழியில்லை. பப்ளிக் என்றாலும் அடி, இன்டர்னல் என்றாலும் அடி.

இதே மாதிரி இரண்டு பக்கமும் இடிக்கிற இன்னொன்று சிஏ2007. அவெய்ட் பண்ணுகிற, அதாவது ஒரு வேலை முடியக் காத்திருக்கிற இடத்தில் எல்லாம், அதன் பிறகு மீதிக் கோட் எங்கே ஓட வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிகர்அவெய்ட் போடு என்கிறது. லைப்ரரி கோடில் அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. டெஸ்டில் அதைப் போட்டால் எக்ஸ்யூனிட்1030 வந்து, ஃபால்ஸ் கொடுத்து இதைக் கூப்பிடாதே என்கிறது. இந்தச் சண்டையில் எக்ஸ்யூனிட் சொல்வதுதான் சரி. ஒரே நேரத்தில் எத்தனை டெஸ்ட் ஓடலாம் என்கிற வரம்பை அதன் அக்ரெஸிவ் மோட் (பழைய வெர்ஷன்களில் இதுதான் டிஃபால்ட்) சிங்க்ரனைசேஷன் கான்டெக்ஸ்ட் மூலமாகத்தான் கட்டிக்காக்கிறது. அங்கே கான்ஃபிகர்அவெய்ட் ஃபால்ஸ் போட்டால் மீதிக் கோட் நேராக த்ரெட் பூலுக்கு ஓடிப்போகும், வரம்பு காற்றில் போகும். ஆக ஒரு ரூலின் பேச்சைக் கேட்டு வார்னிங்கைத் தீர்த்தால் டெஸ்ட் ஓடும் விதமே மாறிவிடலாம். வெறும் இரைச்சல் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

சிஏ1816 வேறு ரகம். எக்ஸ்யூனிட்டில் செட்அப், டியர்டவுன் என்று தனி ஆட்ரிபியூட் கிடையாது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் கிளாஸை புதிதாக உருவாக்கும், கன்ஸ்ட்ரக்டர்தான் செட்அப், டிஸ்போஸ் மெத்தட்தான் டியர்டவுன். ஒரு டெம்ப் ஃபோல்டரை அழிப்பதற்காக டிஸ்போஸ் எழுதினால், ஜிசி சப்ரஸ்ஃபைனலைஸ் எங்கே என்று கேட்கும். யாராவது நம் டெஸ்ட் கிளாஸை இன்ஹெரிட் பண்ணி அதில் ஃபைனலைசர் (ஆப்ஜெக்ட் அழியும்போது கடைசியாக ஓடும் மெத்தட்) வைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அதற்கு. யாரய்யா டெஸ்ட் கிளாஸில் ஃபைனலைசர் வைக்கப்போகிறார்கள்? கிளாஸை சீல்டு என்று போட்டால் அடங்கிவிடும், இது ஒன்றுக்காவது ஒரு வார்த்தையில் தீர்வு இருக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு டேட்டாவோடு ஓடும் தியரி டெஸ்டுக்கு வரும் பாராமீட்டரை நல் செக் பண்ணு என்கும் சிஏ1062, டேட்டாவைக் கொடுப்பதே நாம்தான் என்பது அதற்குத் தெரியாது. ஒரு மெத்தடுக்கு ஒரு உள் கிளாஸ் என்று டெஸ்டைப் பிரித்து அடுக்குபவர்களுக்கு சிஏ1034, உள்ளே இருக்கும் கிளாஸ் வெளியே தெரிகிறதே என்று. எதிர்பார்க்கும் விடையை அரேயாக அங்கேயே எழுதிக் கொடுத்தால் சிஏ1861, அதை ஸ்டேடிக் ரீட்ஒன்லி ஃபீல்டாக மேலே தூக்கு என்கும். நானோசெகண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று எதிர்பார்ப்பை டெஸ்டிலிருந்து இருபது வரி தள்ளி வைத்தால் படிக்கிறவர் என்ன பாவம் செய்தார். சிஏ1822 பற்றி மட்டும் நல்லதாகச் சொல்ல இருக்கிறது. இந்த மெத்தட் ஸ்டேடிக்காக இருக்கலாமே என்கிற ரூல் அது, ஆனால் ஃபேக்ட், டெஸ்ட் மாதிரி ஆட்ரிபியூட் உள்ள மெத்தட்களை அதுவாகவே விட்டுவிடும். அதாவது டெஸ்ட் என்று ஒன்று உண்டு என்பது இந்த அனலைசருக்குத் தெரியாமல் இல்லை, சில ரூல்களை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள், சிலர் யோசிக்கவில்லை.

இதெல்லாம் ஏன் வருகிறது என்று பார்த்தால் மூலம் ஒன்றுதான். சிஏ ரூல்களில் பெரும்பகுதி, பிறர் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரியை எப்படி வடிவமைப்பது என்கிற வழிகாட்டியிலிருந்து பிறந்தவை. வெளியே தெரியும் டைப்பா, அப்படியானால் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதுதான் அவற்றின் கணக்கு. டெஸ்ட் கிளாஸோ பப்ளிக்காக இருப்பது டெஸ்ட் ரன்னர் கண்ணில் படுவதற்காக, யாரும் எடுத்துப் பயன்படுத்துவதற்காக இல்லை. பப்ளிக் என்ற ஒரு சொல்லைப் பார்த்து அனலைசர் தப்பாகப் புரிந்துகொள்கிறது, அதிலிருந்து 1707, 1062, 1034, 1515 எல்லாம் வரிசையாக வந்து விழுகின்றன.

சரி, இதற்கு ஊரில் என்ன செய்கிறார்கள்? ஒன்று, ஒவ்வொரு டெஸ்ட் ஃபைலின் தலையிலும் ப்ராக்மா, அதாவது கம்பைலருக்குச் சொல்லும் ஒரு வரி, போட்டு நாலைந்து ரூலை அணைப்பது. அடுத்தவர் அந்த ஃபைலை காப்பி அடித்து அடுத்த டெஸ்டை எழுதுவார், ப்ராக்மாவும் கூடவே போகும், கொஞ்ச நாளில் எது எதற்காகப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு, டெஸ்ட் புராஜெக்டில் அனாலிசிஸையே மொத்தமாக நிறுத்துவது. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துகிற வேலை இது. ஆனால் நான் பார்த்த டீம்களில் இதுதான் அதிகம், சிஐ (கோடைத் தானாக பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டும் அமைப்பு) உடைகிறது, ரிலீஸ் நெருங்குகிறது, யாரோ நன் என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அது ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், டெஸ்ட் கோடுக்குத்தான் சில ரூல்கள் ரொம்ப அவசியம். சிஏ1305 எடுத்துக்கொள்ளுங்கள். நம்பரை ஸ்ட்ரிங் ஆக்கும்போது எந்த கல்ச்சர் என்று சொல்லு என்கிற ரூல். ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்து நானூற்று ஐம்பத்தாறை என்0 ஃபார்மட்டில் ஸ்ட்ரிங் ஆக்கினால், ரீஜனை இங்கிலீஷ் இந்தியா என்று வைத்திருக்கும் நம் ஊர் லேப்டாப்பில் 1,23,456 என்று வரும். சிஐ ஓடுவது இன்வேரியன்ட் மோட் (எந்த ஊர் ஃபார்மட்டையும் பார்க்காத மோட்) ஆன் பண்ணிய கன்டெய்னரில் என்றால், அங்கே 123,456. ஒரு இடத்தில் பாஸ், இன்னொரு இடத்தில் ஃபெயில், நடுவில் அரை நாள் போகும். ஜெர்மன் ரீஜனில் 1.5 என்பது 1,5 ஆகிவிடும், அதுவும் இதே கதைதான். மொத்தமாக அணைத்தவர்களுக்கு இந்த ரூலும் போச்சு.

அதைவிட ஆபத்தானது அவெய்ட் விட்டுப்போன அஸெர்ட். அஸெர்ட் த்ரோஸ்அசிங்க் என்று எழுதிவிட்டு முன்னால் அவெய்ட் போட மறந்தால், அது ஒரு டாஸ்கைத் திருப்பிக் கொடுக்கும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள், எக்ஸப்ஷனே வராவிட்டாலும் டெஸ்ட் பாஸ். மெத்தட் அசிங்க் ஆக இருந்தால் கம்பைலரின் சிஎஸ்4014 வார்னிங் பிடிக்கும், இல்லாவிட்டால் அதுவும் வாயைத் திறக்காது. எக்ஸ்யூனிட்2021 இரண்டு இடத்திலும் பிடிக்கும். இந்த ரூலை நான் எரர் என்றே வைப்பேன், பேச்சுவார்த்தை கிடையாது. எதையும் சோதிக்காமலே பாஸ் ஆகும் டெஸ்டைவிட டெஸ்ட் இல்லாமல் இருப்பது மேல்.

இங்கேதான் இந்தக் கதையில் நிஜமாகவே நல்ல பகுதி வருகிறது. டாட்நெட் கம்பைலரான ரோஸ்லினில் டயக்னாஸ்டிக் சப்ரசர் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு அனலைசர் சொல்லும் வார்னிங்கை இன்னொரு பேக்கேஜ் பார்த்து, இந்த இடத்தில் இது பொருந்தாது, விட்டுவிடு என்று சொல்லலாம். ரூலை அணைப்பது இல்லை இது, அந்தக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தள்ளுபடி. எக்ஸ்யூனிட் பேக்கேஜைப் போட்டாலே கூட வரும் எக்ஸ்யூனிட் அனலைசர்ஸில் இப்போது சிஏ1515க்கும் சிஏ2007க்கும் சப்ரசர் இருக்கிறது. ஐஅசிங்க்லைஃப்டைம் என்ற எக்ஸ்யூனிட் இன்டர்ஃபேஸை வைத்து இனிஷியலைஸ் பண்ணுகிற ஃபீல்டுக்கு வரும் சிஎஸ்8618, அதுதான் அந்த நல் ஆக இருக்கலாமே என்கிற கம்பைலர் வார்னிங், அதற்கும் உண்டு. என்யூனிட் அனலைசர்ஸ் இந்த வேலையை இன்னும் அழகாகச் செய்கிறது. செட்அப் மெத்தடில் மதிப்பு கொடுத்த ஃபீல்டை அடையாளம் கண்டு சிஎஸ்8618ஐ விலக்குவது என்யூனிட்3002, டெஸ்ட் ஃபிக்ஸ்சரை ரன்னர் உருவாக்கும் என்று சொல்லி சிஏ1812ஐ விலக்குவது 3003, டிஸ்போஸ் பண்ண வேண்டிய ஃபீல்டு இருந்தால் கிளாஸுக்கும் டிஸ்போஸ் வேண்டும் என்கிற சிஏ1001ஐ, டியர்டவுனில் டிஸ்போஸ் ஆகும் ஃபீல்டுக்காக விலக்குவது 3004. ஃபீல்டை டியர்டவுனில் டிஸ்போஸ் பண்ணாமல் விட்டால்? அதற்குத் தனி ரூல் வந்து பிடிக்கும். டெஸ்ட் கிளாஸ் எப்படி உயிர் வாழ்கிறது என்பதை அந்த ஃப்ரேம்வொர்க்கை எழுதியவர்கள்தான் முழுசாக அறிவார்கள், அந்த அறிவு வரவேண்டிய இடத்தில் வந்திருக்கிறது. எம்எஸ்டெஸ்ட் பக்கமும் சொந்த அனலைசர் இருக்கிறது. அங்கே இன்டர்னல் டெஸ்ட் கிளாஸ் வேண்டுமென்றால் டிஸ்கவர்இன்டர்னல்ஸ் என்று அசெம்பிளிக்கு ஒரு ஆட்ரிபியூட் போட வேண்டும், அந்த அனலைசர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சிஏ2007க்கான சப்ரசர் டெஸ்ட் மெத்தடுக்குள் இருக்கும் அவெய்டைத்தான் பார்க்கும், பக்கத்திலேயே எழுதி வைத்த ஹெல்பர் மெத்தடில் அந்த வார்னிங் அப்படியே நிற்கும். 1707க்குத் தீர்வே வரவில்லை. பெயர் வைப்பது ஆளாளுக்கு ஒரு ருசி, அதில் தலையிட யாருக்கும் விருப்பமில்லை போலிருக்கிறது. அது நியாயமும்தான்.

என் செட்டப் இப்படி. டெஸ்ட் ஃபோல்டரில் தனியாக ஒரு எடிட்டர்கான்ஃபிக் ஃபைல், அந்த ஃபோல்டருக்கு மட்டுமான செட்டிங் அதில்தான். அதில் 1707, 1062, 1034, 1861, 2007 ஐந்துக்கும் சிவியாரிட்டி நன், அதாவது அணைப்பு. எக்ஸ்யூனிட்2021, சிஎஸ்4014 இரண்டும் எரர். 1305 வார்னிங், மற்றதெல்லாம் மேலே இருக்கும் ஃபைல் சொல்வதுபோல. 1816க்கு சீல்டு. 1515ஐ சப்ரசர் பார்த்துக்கொள்ளும், டெஸ்ட் டேட்டாவுக்காக வைத்திருக்கும் கிளாஸ்களில் அது வந்தால் வரட்டும், அங்கே அது சொல்வது சரிதான், அவற்றை இன்டர்னல் ஆக்கிவிட்டால் ஆயிற்று. ஒரு விஷயம் கவனம்: அந்த ஃபைலில் ரூட் ட்ரூ என்று போட்டுவிடாதீர்கள். போட்டால் மேலே இருக்கும் எடிட்டர்கான்ஃபிக்கைப் பார்ப்பதையே நிறுத்திவிடும், மற்ற செட்டிங் எல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். சிஎஸ்ப்ராஜ் ஃபைலில் நோவார்ன் போடுவதும் ஒரு வழி, ஆனால் அதில் இருப்பது ஒரு நீளமான நம்பர் வரிசை, ஏன் என்று பக்கத்தில் குறிப்பெழுத யாரும் மெனக்கெடுவதில்லை. எடிட்டர்கான்ஃபிக்கில் ஒரு ரூலுக்கு ஒரு வரி, அதன் மேல் ஒரு கமென்ட், பிற்பாடு வருகிறவர் படித்துக்கொள்வார். பழைய ப்ராக்மாக்களைக் களைய ஐடிஇ0079 என்ற ரூலை ஆன் பண்ணுங்கள், தேவையில்லாமல் நிற்கும் அடக்கல்களை அது காட்டிக்கொடுக்கும்.

பக்கத்து வீட்டை ஒரு பார்வை பார்த்தால், சோனார்க்யூப் என்ற வேறொரு கோட் சோதனைக் கருவியில் இந்த விஷயம் கொஞ்சம் தெளிவு. ரூலுக்கே ஸ்கோப் இருக்கிறது, மெயின் கோடுக்கு மட்டும், டெஸ்டுக்கு மட்டும், இரண்டுக்கும் என்று. எது டெஸ்ட் என்று அதற்குச் சரியாகச் சொல்லிவிட்டால் மெயின் ரூல்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஜாவாவில் பிஎம்டி என்ற அனலைசரை ஓட்டுகிறவர்களுக்கு நம் கஷ்டமேதான். ஒரு கிளாஸில் பத்து மெத்தடுக்கு மேல் போனால் கத்தும் ரூல், நாலு ஸ்டேடிக் இம்போர்ட்டைத் தாண்டினால் கத்தும் ரூல் எல்லாம் டெஸ்ட் கிளாஸில் முதல் நாளே விழும். மாக், வெரிஃபை, அஸெர்ட்தட் என்று எழுதத் தொடங்கினாலே நாலு தாண்டிவிடும். ஆனால் கிரேடில் என்ற பில்ட் கருவியில் பிஎம்டிமெயின், பிஎம்டிடெஸ்ட் என்று டாஸ்க் இரண்டாகவே வருவதால், டெஸ்டுக்கு வேறு ரூல்செட் கொடுப்பது சுலபம். டாட்நெட்டிலும் ரூலின் மட்டத்திலேயே அப்படி ஒரு பிரிவு இருந்திருந்தால் இந்த ரிவ்யூவில் பாதிக்கு வேலை இருந்திருக்காது.

மார்க் கேட்டால்: புராடக்ட் கோடுக்கு ஐந்துக்கு நாலரை. டெஸ்ட் புராஜெக்டில், எதையும் தொடாமல் ஆல் மோடில் விட்டால் ஐந்துக்கு ஒன்றரை, அதற்கு மேல் மனசு வரவில்லை. ஃப்ரேம்வொர்க்கின் சொந்த அனலைசரும் மேலே சொன்ன எடிட்டர்கான்ஃபிக்கும் இருந்தால் நாலு தாராளமாகக் கொடுக்கலாம்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் அனாலிசிஸ்லெவலை லேட்டஸ்ட் என்று வைக்காமல் ஒரு வெர்ஷன் நம்பரைக் கொடுத்துப் பூட்டி வையுங்கள். லேட்டஸ்ட் என்றால் எஸ்டிகே ஏறும்போது புது ரூல்களும் தானாக ஏறும், வார்னிங் எரராக இருக்கும் இடத்தில் கோடில் ஒரு எழுத்தும் மாறாமலே பில்ட் உடையும். எஸ்டிகேயை ஒரு பிஆரில் (புல் ரிக்வெஸ்டில்) ஏற்றுங்கள், லெவலை இன்னொரு பிஆரில் ஏற்றுங்கள். சிஏ ரூல்களை மட்டும் எரர் ஆக்காமல் விடவும் கோட்அனாலிசிஸ்ட்ரீட்வார்னிங்ஸ்ஆஸ்எரர்ஸ் என்று தனி செட்டிங் உண்டு. பெயர் ரயில் மாதிரி நீளம், அதை ஃபால்ஸ் என்று போட்டால் போதும்.